எண்ணெய் ஏறிடுச்சு, எண்ணு ஏறலையே: போட்ட பட்ஜெட்டைத் திருத்துவது எப்படி?

ஓர் ஆடி மாதம். மளிகைச் செலவு கையைக் கடிக்கிறதே என்று வரவு செலவு நோட்டை அத்தை முன்னால் நீட்டினேன். சமையல் அவர் பொறுப்பு. கேள்வி யாரைப் பார்த்து என்று அவருக்குப் புரியாமலா இருக்கும்? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் புரட்டினார். "எண்ணெய் ஏறிப்போச்சு கண்ணு, உன் நோட்டுல எண்ணு ஏறலையே" என்றார்.

உண்மைதான். மளிகைக்கு மாதம் 6,500 ரூபாய் என்று நான் எழுதியது இரண்டு வருடத்துக்கு முன்னால். அன்றைய விலைக்குப் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு இன்றைய சமையலறையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பட்ஜெட் போடச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். போட்டதை எப்படித் திருத்துவது என்று நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில். என் வீட்டுக்காரருக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை, சனிக்கிழமை கூலி. நான் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், மாதச் சம்பளம். இரண்டு பிள்ளைகள், அத்தை. வரவில் ஒன்று நிலையானது, ஒன்று ஏறி இறங்குவது. உங்கள் வீட்டுத் தொகைகள் வேறாக இருக்கும். வழி மாறாது.

எப்போது உட்காருவது?

மாதாமாதம் முதல் தேதி உட்கார வேண்டும் என்பார்கள். நானும் உட்கார்ந்தேன். மூன்றாவது மாதம் விட்டுவிட்டேன். சோம்பல் பாதி, குழப்பம் பாதி. 14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு நாற்பது நாள் வரும். அரிசி மூட்டை ஒன்றரை மாதம் வரும். ஒரு மாதம் செலவு சுருங்கினது போலத் தெரியும், அடுத்த மாதம் வீங்கினது போலத் தெரியும். வீட்டில் ஒன்றுமே மாறியிருக்காது.

அதனால் கரண்ட் ரீடிங்கோடு சேர்த்துவிட்டேன். நம் ஊரில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ரீடிங் எடுத்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, டிபன் முடிந்து ஒரு மணி நேரம். வருடத்தில் ஆறு முறை உட்கார்ந்தால் போதும். நினைவூட்ட அலாரம் தேவையில்லை, பில் வந்ததும் தானே நினைவுக்கு வரும். இரண்டு மாதத்தைச் சேர்த்துப் பார்ப்பதால் சிலிண்டர், மூட்டை போன்றவற்றின் ஏற்ற இறக்கமும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

உட்காரும்போது மூன்று பொருள் கையில் இருக்கட்டும்: நோட்டு, மளிகைச் சிட்டைகள், போனில் இருக்கும் யுபிஐ கணக்கு. மூன்றாவதுதான் முக்கியம். இருபதும் முப்பதுமாக ஸ்கேன் செய்த செலவு யாருக்கும் ஞாபகத்தில் நிற்பதில்லை. வங்கி ஆப்பில் இரண்டு மாத அறிக்கையை எடுத்து மேலிருந்து கீழே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். முதல் தடவை கொஞ்சம் வயிற்றைக் கலக்கும், பரவாயில்லை.

நான்காவது கட்டம்

நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் "போட்டது", "ஆனது", "வித்தியாசம்" என்று மூன்று கட்டம் எல்லாரும் போடுவார்கள். நான்காவதாக "ஏன்" என்று ஒரு கட்டம் சேருங்கள். "போட்டது" மட்டும் பென்சிலில் இருக்கட்டும். பேனாவில் எழுதினால் அழிக்க மனசு வராது.

அந்த நான்காவது கட்டம் இல்லாத வரை பட்ஜெட் பார்ப்பது யார் செலவாளி என்று கண்டுபிடிக்கும் பஞ்சாயத்தாகவே முடியும். அதில் எழுத நான்கே விடைகள்தான் உண்டு: விலை, அளவு, விசேஷம், மறதி. ஆடி மாதச் சண்டையின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு மாத மளிகைக்குப் போட்டது 13,000. ஆனது 14,300. துண்டு விழுந்தது 1,300. சிட்டைகளைப் பரப்பி வைத்து ஒவ்வொரு பொருளாகப் பழைய சிட்டையோடு ஒப்பிட்டோம்.

காபித்தூள் மாதம் ஒரு கிலோ. அதே கடை, அதே ஏற்காட்டுக் கொட்டை, அதே சிக்கரி அளவு. கிலோ 560 ரூபாயாக இருந்தது 700 ஆகியிருந்தது. இரண்டு மாதத்துக்கு 280. இது விலை.

கடலை எண்ணெய் வழக்கமாக இரண்டு மாதத்துக்கு எட்டு லிட்டர். இப்போது பத்து. லிட்டர் 220 என்றால் 440. இது அளவு.

ஆடிக்குக் கோட்டை மாரியம்மன் திருவிழா என்று நாத்தனார் குடும்பம் வந்து நான்கு நாள் தங்கியது. கூடுதல் சாமான் 400. இது விசேஷம்.

மொத்தம் 1,120 வந்தது. மீதி 180 எங்கே போனதென்று தெரியவில்லை. அதுதான் மறதி. அந்த 180-ஐத் தேடி ஒரு மாலைப்பொழுதைத் தொலைக்காதீர்கள். மளிகை மாதிரியான பெரிய வரியில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வரை கணக்கில் வராமல் போனால் நான் விட்டுவிடுவேன்.

இப்போது ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. விலை ஏறினால் எண்ணை மாற்றுங்கள், வேறு வழியில்லை. காபிக்கு மாதம் 140 கூட்டி எழுதினேன். காபியைக் குறைக்கலாமே என்று கேட்பவர்கள் எங்கள் அத்தையிடம் வந்து பேசிக்கொள்ளலாம். விசேஷச் செலவை மளிகை வரியிலிருந்தே எடுத்துவிட வேண்டும், அதற்கு வேறு இடம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். அளவு கூடியிருந்தால் மட்டும்தான் காரணம் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் மற்ற வரிகளையும் பார்த்துவிட வேண்டும்.

நான் பார்க்காமல் கேட்டேன். "ரெண்டு லிட்டர் எண்ணெய் கூட ஆகியிருக்கே அத்தை?" அவர் பதில் சொல்லவில்லை, நோட்டில் "தீனி" என்ற வரியைக் காட்டினார். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் தெருமுனையில் தட்டுவடை செட் வாங்கித் தின்னும் கணக்கு அது. இரண்டு மாதத்தில் 600 ரூபாய் குறைந்திருந்தது. வீட்டிலேயே தட்டுவடை சுட்டு டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, கேரட்டும் பீட்ரூட்டும் துருவி, சட்னி அரைத்து வீட்டிலேயே செட் போட்டுக் கொடுத்திருக்கிறார். 440 ரூபாய் எண்ணெய் 600 ரூபாய்த் தீனியைக் குறைத்திருக்கிறது. மாவும் காய்கறியும் கழித்தால் லாபம் பெரிதாக இல்லைதான். ஆனால் நான் குற்றம் என்று பிடித்தது குற்றமில்லை. அன்றிலிருந்து எல்லா வரியையும் எழுதி முடிக்கும் வரை வாயைத் திறப்பதில்லை.

இன்னொன்று. விலை மாறாமல் எடை குறைந்திருக்கும் பொருட்கள் உண்டு. பிஸ்கட், சோப்பு, சிப்ஸ். பத்து ரூபாய் பத்து ரூபாயாகவே இருக்கும், பாக்கெட்டின் பின்னால் கிராம் இறங்கியிருக்கும். அப்போது வீட்டில் "அளவு" கூடினது போலத் தெரியும். அதுவும் விலை ஏற்றம்தான்.

எத்தனை முறை தவறினால் திருத்துவது?

ஒரு ரீடிங்கில் ஒரு வரி தப்பினால் "ஏன்" கட்டத்தில் எழுதிவிட்டு நகருங்கள். இரண்டாவது முறையும் தப்பினால் அடிக்கோடு போடுங்கள். மூன்றாவது முறையும் அதே பக்கம் தப்பினால் எண்தான் தப்பு, அழித்து எழுதிவிடுங்கள். விலை ஏறியது தெளிவாகத் தெரிந்தால் மூன்று முறை காத்திருக்க வேண்டாம்.

கூட்டி எழுதும்போது அந்தப் பணம் எந்த வரியிலிருந்து வருகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். இதை விட்டால் எல்லா வரியும் மெல்ல மெல்ல ஏறி, அடியில் மொத்தம் வரவைத் தாண்டி நிற்கும். எங்கள் வீட்டில் காபியின் 140, ஓ.டி.டி. சந்தா ஒன்றை நிறுத்தியதில் வந்தது. பெரியவன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

கரண்ட் பில்லுக்கு மட்டும் ஒரு தனிக் கணக்கு

மற்ற செலவெல்லாம் ஒன்று கூடினால் ஒன்றின் விலைதான் கூடும். கரண்ட் அப்படியில்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை மிகக் குறைந்த கட்டணம். 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும், கீழே உள்ள யூனிட்டுக்கும் கூடுதல் விலை விழும். 500-க்கும் 501-க்கும் நடுவே பில்லில் இருநூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும். ஒரே ஒரு யூனிட்டுக்கு!

அதனால் ரீடிங் எடுத்த நாளிலிருந்து 45-ஆம் நாள் நாமே மீட்டரைப் பார்க்க வேண்டும். இப்போதைய எண்ணிலிருந்து போன ரீடிங்கைக் கழித்தால் ஓடிய யூனிட். அதை 45-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் பில் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிடும். 375-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 375-க்கும் 420-க்கும் நடுவே இருந்தால் மீதிப் பதினைந்து நாளில் இழுத்துப் பிடிக்கலாம். அதற்கு மேல் போய்விட்டால் ஏசியை அணைத்துவிட்டு வியர்வையில் கிடந்து பயனில்லை, தாண்டத்தான் போகிறது. சேலத்து வெயிலில் ஏப்ரல், மே பில் தாண்டும் என்று எழுதியே வைத்துவிடுவது நல்லது.

வருடத்துக்கு ஒரு முறை வந்து கவிழ்க்கும் செலவுகள்

பட்ஜெட் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். அரிசியும் பருப்பும் யாரையும் அடகுக் கடைக்கு அனுப்பியதாக எனக்குத் தெரியவில்லை. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமும் தீபாவளியும் அனுப்பியிருக்கின்றன, என்னையே.

இவற்றை மாத பட்ஜெட்டில் சேர்க்காமல் தனியாகப் பட்டியல் போடுங்கள். எங்களுடையது ஏறக்குறைய இப்படி: பள்ளி 28,000, தீபாவளி 18,000, காப்பீடு 17,000, மொய் 16,000, பொங்கல் 5,000, வண்டி இன்சூரன்சும் சர்வீசும் 5,000, ஆடி 4,000, வீட்டு வரி 3,000. கூட்டினால் 96,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,000. அந்த 8,000 சம்பளம் வந்த அன்றே வேறு ஒரு வங்கிக் கணக்குக்குப் போய்விடும். அந்தக் கணக்குக்கு எங்கள் வீட்டுப் பெயர் "உண்டியல்". நாத்தனார் வந்தபோது ஆன 400 அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

முதல் வருடம் நான் கண்ணை மூடிக்கொண்டு மாதம் 6,000 என்று போட்டேன். வருட முடிவில் 24,000 குறைந்தது. வளையல் இரண்டு அடகுக்குப் போனது, மீட்க ஒன்பது மாதம் ஆனது, வட்டி தனி. பட்டியலை நினைவிலிருந்து எழுதினால் இப்படித்தான். போன வருட வங்கி அறிக்கையை மாதம் மாதமாகப் பார்த்து எழுதுங்கள்.

இந்தப் பட்டியலில் கணிக்கவே முடியாதது மொய் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்று வரிசையாக இருக்கும். அதில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு டிக் போடுங்கள். அவர்கள் வைத்ததையும், காலத்துக்கேற்ப அதற்கு மேல் கொஞ்சத்தையும் திருப்பி வைக்க வேண்டும். டிக் போட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கை ஒரு வருடத்துக்கு எடுத்து வைத்தால் எங்களுக்குச் சரியாக வருகிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே நாளில் மூன்று பத்திரிகை வரும். கூட்டமில்லாத மாதத்தில் உண்டியலில் பணம் நிறைந்து தெரிந்தால் அது உபரி என்று நம்பிவிடக் கூடாது. நான் ஒரு மார்கழியில் நம்பி மிக்சி வாங்கினேன்.

வீட்டு வரிக்கு ஒரு சின்ன ஆதாயம் உண்டு. ஏப்ரலிலும் அக்டோபரிலும், அதாவது அரையாண்டின் முதல் 30 நாளில் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும். உண்டியலில் பணம் இருந்தால்தான் அதெல்லாம்.

வரவே ஆடும்போது

வெள்ளி விலை எகிறினால் கொலுசு ஆர்டர் சுருங்கும். தீபாவளிக்கு முன்னால் ராத்திரி பகலாக வேலை இருக்கும், முடிந்ததும் பட்டறை காற்று வாங்கும். இந்த மாதிரி வரவை வைத்து பட்ஜெட் போட எந்த எண்ணை எடுப்பது? சராசரியை எடுத்தால் வருடத்தில் ஏறக்குறைய பாதி மாதம் துண்டு விழும். ஆகக் குறைந்த மாதத்தை எடுத்தால் பட்ஜெட் பட்டினிக் கணக்காகிவிடும், பத்து நாளில் மீறிவிடுவோம்.

நான் செய்வது இது. கடந்த பன்னிரண்டு மாத வரவைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக எழுதுவேன். கீழிருந்து மூன்றாவது எண்ணை எடுத்துக்கொள்வேன். போன முறை ஆகக் குறைந்தது 11,500, அடுத்தது 12,600, மூன்றாவது 13,800, ஆக அதிகம் 24,000. பட்ஜெட்டில் எழுதியது 13,800. அதற்கு மேல் வந்ததெல்லாம் நேராக உண்டியலுக்கு. குறைந்த இரண்டு மாதத்துக்கும் உண்டியல்தான் கை கொடுக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்த எண்ணைப் புதிதாகப் பார்க்கிறேன். தறி ஓட்டுபவர்களுக்கும், ஏற்காட்டில் காபி பறிப்புக் காலத்தில் கூலி கூடும் வீடுகளுக்கும் இதே வழி பொருந்தும்.

இரண்டு ரீடிங் தொடர்ந்து வரவு இந்த எண்ணுக்கும் கீழே போனால் செலவைக் குறைத்தே ஆக வேண்டும். எதை முதலில்? நிறுத்தினால் அபராதமில்லாமல் மறுபடி தொடங்கக் கூடியதை. சந்தா, வெளிச்சாப்பாடு, புதுத் துணி. மருத்துவக் காப்பீட்டில் கை வைக்காதீர்கள். விட்டுப்போனால் மறுபடி எடுக்கும்போது காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. நல்ல நாளில் வாங்காமல் விட்டவர்கள் இந்தச் சமயத்திலாவது கார்டை எடுத்துக்கொண்டு போகலாம், கௌரவம் ஒன்றும் குறையாது.

எண் இறங்கவும் வேண்டும்

2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனது. என் நோட்டில் "பஸ் 700" என்ற வரி அதன் பிறகும் ஒரு வருடம் அப்படியே இருந்தது. டிக்கெட் எடுக்கவில்லை, 700 ரூபாயும் மிச்சமில்லை. எங்கே போனது? பேர் எழுதாத பணத்துக்கு ஆயிரம் வாய்.

காப்பீட்டிலும் இதைப் பாருங்கள். தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. உங்கள் நோட்டில் வரியோடு சேர்த்த பழைய பிரீமியம் இருந்தால் அடுத்த தவணை ரசீதைப் பார்த்துத் திருத்துங்கள். கடன் முடிந்தாலும் இதேதான். வண்டிக் கடன் முடிந்த அன்றே அந்தத் தவணைக்கு வேறொரு பேர் வைத்துவிட வேண்டும், அடுத்த மாதம் என்று தள்ளக் கூடாது.

ஏலச்சீட்டு போடுபவர்கள் முழுத் தவணையையே செலவில் எழுதுங்கள். தள்ளுபடி போகக் கட்டுவது மாதத்துக்கு மாதம் மாறும், அந்த மிச்சத்தை உண்டியலில் போடுங்கள். சீட்டை நடுவில் நிறுத்துவது சிக்கல். ஆகவே கூலி நன்றாக வரும் மாதத்தின் உற்சாகத்தில் பெரிய சீட்டில் சேர வேண்டாம், மேலே சொன்ன மூன்றாவது எண்ணுக்குத் தாங்குமா என்று பாருங்கள். பதிவு பெற்ற சீட்டுதானா என்பதையும் சேரும் முன்பே கேளுங்கள். சட்டப்படி நடத்துநர் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

ஏப்ரல் மாத உட்காரல்

ஆறில் ஒன்று மட்டும் நீளமானது. சித்திரை பிறந்த பிறகு, பள்ளிக் கட்டணம் வரும் முன்னால். அன்று உண்டியல் பட்டியலைப் புதிதாக எழுதுவோம். அதோடு பதினைந்து பொருளின் விலையை ஒரே கடையில் விசாரித்து எழுதுவேன்: அரிசி, பருப்பு, எண்ணெய், பால், காபித்தூள், சோப்பு இப்படி, பொருளும் அளவும் வருடா வருடம் மாறாமல். 2024 ஏப்ரலில் அந்தப் பட்டியல் 3,420 ரூபாய், 2025-ல் 3,660. எங்கள் வீட்டு விலைவாசி 7 சதவீதம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். செய்தியில் சொல்லும் பணவீக்கம் நாட்டுக்கானது. என் சம்பளம் 7-க்குக் கீழே ஏறினால் அந்த வருடம் நான் பின்னால் போயிருக்கிறேன். மூட்டையாகவும் டின்னாகவும் வாங்குபவற்றின் விலையை செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரிலும் அன்றே ஒப்பிட்டுக்கொள்வேன். ஆட்டோ கூலி போக மிச்சம் இருந்தால்தான் அங்கே வாங்குவேன்.

மாம்பழத்துக்கு ஒரு வரி சேர்ப்பதும் அன்றுதான். சேலத்தில் இருந்துகொண்டு வெளியூர்ச் சொந்தங்களுக்குப் பெட்டி அனுப்பாமல் தப்ப முடியாது. அதை நான் திருத்தப் பார்ப்பதே இல்லை.

இந்த உட்காரலில் வீட்டில் எல்லாரும் இருக்க வேண்டும். நான் மட்டும் போட்டபோது அது என் பட்ஜெட்டாக இருந்தது, மற்றவர்கள் அதை மீறுபவர்களாக இருந்தார்கள். இப்போது ஆளுக்கொரு வரி பொறுப்பு. மளிகைக்குப் பேர் போட்டதோடு அத்தை கரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நேற்று 45-ஆம் நாள். மீட்டர் பெட்டியிலிருந்து குரல் வந்தது: "முன்னூத்தி எம்பத்தேழு!" பெரியவன் போனில் தட்டினான். இப்படியே போனால் 516-ல் நிற்கும். மீதி 113 யூனிட்டைப் பதினைந்து நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏழரை.

"ஏழரையா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், யாரும் இல்லாத அறையில் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை அணைத்தார்.